இரும்பைத் தைத்த படகு

ஓர் இரும்பு ஆணியைக் குளத்தில் போட்டால் உடனே மூழ்கிவிடும். ஆனால் பல டன் எடையுள்ள இரும்புப் படகு கடலில் மிதக்கிறது. வலை, டீசல், ஐஸ், மீன், ஆட்கள் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகிறது. இது எப்படி?

கேரளத்தில் கொச்சி, முனம்பம், சக்திகுளங்கரை போன்ற மீன்பிடித் துறைமுகங்கள் இருக்கின்றன. அங்கே இரும்புப் படகுகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். பல படகுகள் 15 முதல் 25 மீட்டர் வரை நீளமுள்ளவை. குமரி மாவட்டம் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் பலரும் கொச்சியிலிருந்துதான் ஆழ்கடலுக்குப் புறப்படுகிறார்கள். போனால் திரும்பி வரப் பல நாள் ஆகும். சில சமயம் பல வாரம் ஆகும். நடுக்கடலில் அவர்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் தடிமன்கூட இல்லாத தகடுதான்.

அந்தத் தகடுகளை ஒன்றாக்குவது எது? வெல்டிங். படகு கட்டி, பெயின்ட் அடித்த பிறகு அந்த வெல்டிங் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் படகின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இரும்பு ஏன் மிதக்கிறது?

ஒரு சிறிய கணக்குப் போடலாம். படகுக்குப் பயன்படுவது எஃகு. அதைத்தான் பேச்சில் இரும்பு என்கிறோம். ஒரு சதுர மீட்டர் பரப்பும் 1 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுத் தகடு 7.85 கிலோ இருக்கும். 6 மி.மீ. தகடு என்றால் 47 கிலோ 100 கிராம்.

இந்தத் தகட்டில் ஒரு பெட்டி செய்கிறோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர். மேலே மூடி கிடையாது. அடியில் ஒரு தகடு, பக்கத்துக்கு ஒன்றாக நான்கு தகடு, ஆக 5 தகடு. பெட்டியின் எடை சுமார் 235 கிலோ.

இந்தப் பெட்டியைக் கடலில் இறக்கினால் அது தண்ணீரை விலக்கும். பெட்டி எவ்வளவு எடையோ, அவ்வளவு எடையுள்ள தண்ணீரை விலக்கியதும் இறங்குவது நின்றுவிடும். அதே அளவுள்ள இடத்தில் கடல் தண்ணீர் நிறைந்திருந்தால் அதன் எடை சுமார் 1,025 கிலோ. பெட்டியோ 235 கிலோதான். அதனால் சுமார் 23 சென்டிமீட்டர் மட்டும் மூழ்கி, மீதி வெளியே நிற்கும். அசையாத தண்ணீரில் இன்னும் 700 கிலோ ஏற்றினாலும் மிதக்கும்.

ஆகவே படகை மிதக்க வைப்பது இரும்பு அல்ல. இரும்புக்குள் இருக்கும் வெற்றிடம். அந்த இடத்துக்குள் தண்ணீர் நுழையாத வரை படகு மிதக்கும். நுழைந்தால் ஆணிக்கு நேர்ந்த கதிதான் படகுக்கும்.

ஒரு மீட்டர் ஆழத்தில் 1 மி.மீ. அளவு துளை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி நுழையும் அளவுதான். அதன் வழியாக ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். கிட்டத்தட்ட ஒரு டீசல் டிரம். ஒரு துளைக்கே இவ்வளவு!

கயிற்றுத் தையலும் நெருப்புத் தையலும்

கேரளத்துக் காயல்களில் கெட்டுவள்ளம் என்ற பெரிய படகு உண்டு. ‘கெட்டு’ என்றால் கட்டு. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. பிறகு இயந்திரப் படகுகள் வந்தன. இந்திய நார்வே மீன்பிடித் திட்டத்துக்கு 1952-ல் ஒப்பந்தம் ஆனது. கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் வேலை தொடங்கியது. அந்தக் காலத்து இயந்திரப் படகுகள் மரத்தால் ஆனவை.

மரப் படகுக்கு நல்ல மரம் வேண்டும். அது கிடைப்பது குறைந்தது, விலையும் ஏறியது. கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் உயிர்களும் உண்டு. படகுகளும் பெரிதாகிக்கொண்டே போயின. அதனால் பலர் இரும்புக்கு மாறினார்கள்.

இரும்புத் தகட்டை எப்படிச் சேர்ப்பது? முதலில் தறையாணிகளால் சேர்த்தார்கள். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறிது ஏற்றி வைத்து, துளை போட்டு, காய்ச்சிய ஆணியை அடித்து இறுக்கினார்கள். 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பல் அப்படிக் கட்டியதுதான். 1920-ல் இங்கிலாந்தில் ‘ஃபுல்லகர்’ என்ற கப்பலை முழுக்க வெல்டிங் செய்தே கட்டினார்கள். கடலில் ஓடும் கப்பல்களில் அப்படிக் கட்டிய முதல் கப்பல் அது.

வெல்டிங் என்பது பசை வைத்து ஒட்டுவது போன்றது அல்ல. மின்சாரப் பொறியின் சூட்டில் இரண்டு தகடுகளின் ஓரமும் உருகுகின்றன. வெல்டிங் ராடும் உருகி அவற்றோடு கலக்கிறது. ஆறியதும் மூன்றும் ஒரே இரும்பாகிவிடுகின்றன. ஓரம் சரியாக உருகாமல், ராடு மட்டும் உருகி மேலே படிந்தால் அது வெல்டிங் இல்லை. வெறும் பூச்சு. பார்க்க அழகாக இருக்கும். அலை அடித்தால் பிளக்கும்.

எலும்பும் தோலும்

படகு கட்டுபவர்கள் முதலில் இரும்பைத் தொடுவதில்லை. தரையில் கோடு போடுகிறார்கள். படகின் வளைவுகளை உண்மையான அளவிலேயே பெரிய தளத்தில் வரைகிறார்கள். அந்தக் கோட்டின்படி பலகையில் அச்சு வெட்டுகிறார்கள். அச்சை இரும்பின்மேல் வைத்து வெட்டுகிறார்கள். பெரிய தளங்களில் இந்த வேலையைக் கம்ப்யூட்டரும் வெட்டும் இயந்திரமும் செய்கின்றன.

பிறகு அடியில் முதுகெலும்பு மாதிரி நீண்ட இரும்பை வைக்கிறார்கள். இதை ஏரா என்பார்கள். அதன்மேல் விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டங்களை நிறுத்துகிறார்கள். பல படகுகளில் அரை மீட்டருக்கு ஒரு சட்டம் இருக்கும். குறுக்கே தண்ணீர் புகாத தடுப்புச் சுவர்களை வைக்கிறார்கள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்த அறைக்குப் போகாமல் காப்பது இந்தச் சுவர்தான். கடைசியில் வெளித் தகட்டைப் போர்த்துகிறார்கள். அது தோல்.

தகடு தடிமனாக இருந்தால் நல்லது என்று சிலர் நினைக்கலாம். எல்லா இடத்திலும் அது சரியல்ல. அடியில் கனம் இருந்தால் படகு நிலையாக நிற்கும். மேலே கனம் ஏறினால் தள்ளாடும், கவிழவும் கூடும். டீசலும் அதிகம் குடிக்கும். கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1957-ல் தொடங்கிய நிறுவனம் அது. அது வடிவமைத்த ‘சாகர் ஹரிதா’ என்ற மீன்பிடிப் படகு 2016-ல் கடலில் இறங்கியது. அந்தப் படகின் உடல் எஃகு. மேலே உள்ள அறையை மட்டும் எடை குறைவதற்காகக் கண்ணாடி இழையில் செய்தார்கள்.

தகட்டிலும் எழுத்து இருக்கும். எந்த ரகம், எத்தனை மி.மீ., எந்த வார்ப்பு எண் என்று எழுதியிருக்கும். படகுக்குக் கப்பல் ரகத் தகடுதான் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று எழுத்து அழிந்த பழைய தகட்டை வாங்கினால், அது எந்த ரகம் என்று தெரியாது. துரு தின்று எத்தனை மி.மீ. மிஞ்சியிருக்கிறது என்றும் தெரியாது.

ராடு பெட்டி என்ன சொல்கிறது?

வெல்டிங் ராடு பெட்டியிலும் எண்கள் இருக்கும். 6013 என்று ஒன்று. 7018 என்று ஒன்று. பார்க்க இரண்டு ராடும் ஒன்று மாதிரியே இருக்கும். ஆனால் குணம் வேறு.

முதல் இரண்டு எண்கள் வெல்டிங்கின் பலத்தைச் சொல்கின்றன. 60 என்றால், ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவையைத் தாங்கும். 70 என்றால் 70,000 பவுண்டு. 6013 ராடு சுலபமாக ஓடும். கதவு, ஜன்னல், கிரில் வேலைக்கு நல்லது. 7018 ராடால் விடும் வெல்டிங் பலமானது, விரிசலை நன்றாகத் தாங்கும். படகில் பளு அதிகம் வரும் இடங்களுக்கு ஏற்றது. எந்த இடத்துக்கு எந்த ராடு என்பது படகின் வரைபடத்தில் எழுதியிருக்க வேண்டும்.

7018 ராடுக்கு ஒரு பகை உண்டு. அது ஈரம். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். பெட்டியைத் திறந்து வைத்தால் ராடின் மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சும். வெல்டிங் சூட்டில் அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு பிரிந்து உருகிய இரும்புக்குள் போகும். வெல்டிங் ஆறிய பிறகு, சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட, உள்ளே மயிரிழை மாதிரி விரிசல் விழும். வெளியே தெரியாது.

அதனால்தான் 7018 ராடை அடுப்பில் காய வைத்துச் சூட்டுப் பெட்டியில் வைத்து எடுக்கிறார்கள். எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 250 முதல் 350 டிகிரி வரை இருக்கும். 6013 ராடை அந்தச் சூட்டில் வைத்தால் கெட்டுவிடும். பெட்டியில் உள்ளதைப் படிக்காமல் கை வைத்தால் இரண்டுமே பாழ்.

இழுக்கும் இரும்பு

தகடுகளைப் பொருத்தியதும் முதலில் அங்கங்கே சிறு புள்ளி வைத்துப் பிடிக்கிறார்கள். இதை ‘டாக்’ வைப்பது என்பார்கள். தையல்காரர் துணியை முதலில் பெருந்தையல் போட்டுப் பிடிப்பது மாதிரி. எல்லாம் நேராக இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகுதான் முழு வெல்டிங்.

இரும்பு சூட்டில் விரியும். ஆறும்போது சுருங்கும். ஒரே பக்கத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மூச்சில் வெல்டிங் விட்டால் தகடு நெளியும். படகே ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். பிறகு அதை நிமிர்த்துவது பெரும்பாடு.

ஆகவே நல்ல வெல்டர்கள் அவசரப்படுவதில்லை. படகின் நடுவில் தொடங்கி முனைகளை நோக்கிப் போகிறார்கள். இடது பக்கம் கொஞ்சம் விட்டால் வலது பக்கமும் அதே அளவு விடுகிறார்கள். தடித்த தகட்டின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, நடுவில் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விடுகிறார்கள். அப்போதுதான் உருகிய இரும்பு அடிவரை போகும். ஒரு வரிசை முடிந்ததும் மேலே படிந்த கசடைச் சுத்தியால் தட்டி, கம்பிப் பிரஷால் தேய்க்கிறார்கள். கசடை எடுக்காமல் அடுத்த வரிசை விட்டால் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சுவருக்குள் செங்கல்லுக்குப் பதில் மண் உருண்டை வைத்துப் பூசிய மாதிரி ஆகிவிடும்.

இரண்டாகப் பிளந்த கப்பல்

வெல்டிங்கின் அருமையும் ஆபத்தும் உலகத்துக்குப் புரிந்தது இரண்டாம் உலகப் போரின்போது. அமெரிக்காவில் 1941 முதல் 1945 வரை ‘லிபர்ட்டி’ என்ற ஒரே வகைச் சரக்குக் கப்பல்களில் மட்டும் 2,710 கட்டினார்கள். தறையாணி அடித்தால் இத்தனை வேகம் வராது. வெல்டிங் இருந்ததால்தான் முடிந்தது.

ஆனால் வெல்டிங் செய்த கப்பல்கள் சிலவற்றில் விரிசல் விழுந்தது. 1943 ஜனவரி 16 அன்று, போர்ட்லண்ட் நகரில், ‘ஸ்கெனெக்டடி’ என்ற புதிய எண்ணெய்க் கப்பல் கரையோரம் நின்றுகொண்டிருந்தது. புயல் இல்லை, அலை இல்லை. திடீரென்று பெரும் சத்தத்தோடு நடுவில் பிளந்தது.

என்ன காரணம்? வெல்டிங்கில் குறை இருந்தது. அந்த எஃகும் குளிரில் சட்டென்று உடையும் குணமுள்ளது. இன்னொன்றும் தெரிந்தது. தறையாணி அடித்த கப்பலில் விரிசல் விழுந்தால் பெரும்பாலும் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பலில் எல்லாத் தகடும் ஒன்றுதான். விரிசல் நிற்க இடமில்லை. ஓடிக்கொண்டே இருக்கும்.

விரிசல்கள் எங்கே தொடங்கின என்று பார்த்தார்கள். லிபர்ட்டி கப்பல்களில் மேல்தளத்து வாயில்களின் சதுர மூலைகளில் பல தொடங்கியிருந்தன. அதன் பிறகு மூலைகளை வட்டமாக வெட்டினார்கள். நல்ல எஃகைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று இரும்புப் படகுகளிலும் வாயில்களின் மூலை வளைவாக இருக்கக் காரணம் இதுதான். அது அலங்காரம் அல்ல.

சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும்

வெல்டிங் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய தளங்களில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். சிறிய தளத்திலும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு.

வெல்டிங்கின் ஒரு பக்கம் சுண்ணாம்புக் கரைசலைப் பூசிக் காயவிடுகிறார்கள். மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். மண்ணெண்ணெய் மிகச் சிறிய துளையிலும் நுழையும். துளை இருந்தால் சிறிது நேரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரக் கறை தெரியும். அந்த இடத்தைத் தோண்டி எடுத்து, சுத்தம் செய்து, மறுபடி வெல்டிங் விட வேண்டும். மண்ணெண்ணெயை முழுவதும் துடைத்து உலர்த்திய பிறகே நெருப்பைக் கொண்டு போக வேண்டும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் பெயின்ட் அடிக்கும் முன்பே முடிய வேண்டும். பெயின்ட் ஓட்டையை மறைக்கும். அடைக்காது.

தைப்பவரின் உயிர்

படகு கட்டுபவரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.

முதலில் கண். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, இரவில், கண்ணில் மணலைக் கொட்டியது மாதிரி எரியும். 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி உள்ள முகக் கவசம் வேண்டும். பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கும் மறைப்பு வேண்டும். எரிச்சல் வந்தால் தாய்ப்பால், எண்ணெய் எதையும் கண்ணில் விடக்கூடாது. தேய்க்கவும் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். படகுக்குள் நான்கு பக்கமும் இரும்பு. உடம்பெல்லாம் வியர்வை. அங்கே வெல்டிங் மெஷினின் மின்சாரம்கூட ஆளைக் கொல்லும். காய்ந்த கையுறை, காய்ந்த ரப்பர் காலணி, நிற்க ஒரு மரப்பலகை, பிய்ந்து போகாத கேபிள் ஆகியவை அவசியம். நைலான் துணி உடுத்தக் கூடாது. பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்திதான் நல்லது.

மூன்றாவது காற்று. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்ஸிஜன். மூடிக் கிடக்கும் இரும்புத் தொட்டிக்குள் துரு பிடிக்கும்போது, துரு அந்த ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். தொட்டி காலியாகவே தெரியும். வாடையும் இருக்காது. இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார்.

ஆகவே மூடிய அறையை முன்கூட்டியே திறந்து, மின்விசிறி வைத்துக் காற்றை மாற்ற வேண்டும். ஆக்ஸிஜனையும், எரியும் வாயுவையும் கருவியால் அளக்க வேண்டும். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் விழுந்தால் காவல் நிற்பவர் குதிக்கக் கூடாது. ஆள் கூப்பிட வேண்டும். சுவாசக் கருவி அணிந்தவர்தான் இறங்க வேண்டும்.

நான்காவது கசியும் வாயு. 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சியில், பழுது பார்ப்பதற்காக நிறுத்தியிருந்த ஒரு கப்பலுக்குள் வாயு கசிந்து வெடித்தது. 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். சாப்பிடப் போகும்போதும், வேலை முடிந்து போகும்போதும் கேஸ் குழாயை வெளியே எடுத்து, சிலிண்டரை மூட வேண்டும். பழைய படகில் டீசல் தொட்டிக்குப் பக்கத்திலும், ஐஸ் அறைச் சுவருக்குப் பக்கத்திலும் வெல்டிங் விடும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். அந்தச் சுவருக்குள் இருக்கும் நுரைப்பொருள் தீப்பிடித்தால் நச்சுப் புகை வரும்.

துருவுக்கு ஒரு காவல்

மரத்துக்குப் புழு. இரும்புக்குத் துரு. படகைக் கட்டியதும் மணல் வீசித் தேய்த்து, துரு நீக்கி, பல பூச்சு பெயின்ட் அடிக்கிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்பதற்குப் பதில் துத்தநாகத்தைத் தின்னும். கட்டி கரைந்து போகும், படகு பிழைக்கும். இந்தக் கட்டியின்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் காவல்காரனின் கையைக் கட்டிப் போட்ட மாதிரி.

கேரளத்தில் ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவலைப் படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் பல படகுகள் கரை ஏறுகின்றன. கரைந்த கட்டியை மாற்றவும், தகடு எத்தனை மி.மீ. மிஞ்சியிருக்கிறது என்று அளக்கவும், வெல்டிங் ஓரங்களைச் சோதிக்கவும் அதுவே நல்ல சமயம்.

யாரும் பார்க்காத கோடு

படகுக்குச் சொந்தக்காரர் வர்ணத்தைப் பார்ப்பார். வியாபாரி மீனைப் பார்ப்பார். வெல்டிங் கோட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் இரவில், காற்று கிளம்பி அலை உயரும்போது, படகில் இருப்பவர்களைத் தாங்குவது அந்தக் கோடுதான்.

அதை விட்டவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர் பெட்டியில் உள்ளதைப் படித்தாரா, ராடைக் காய வைத்தாரா, கசடைத் தட்டினாரா என்பதும் தெரியாது. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் படகு கரைக்கு வரும்.